உளுந்தூர்பேட்டையில் இறக்கிவிட்ட பஸ்

பஸ் நின்றபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. பாண்டிச்செல்வி ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை முந்தானையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நான்குவழிச் சாலையில் லாரிகளும் கார்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நின்றன. பக்கத்து சீட்டில் மகள் ஆர்த்திகா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபைலில் அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டி.பார்ம் சான்றிதழ் வரைக்கும் எல்லாம் இருந்தன. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலை. நேரில் வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று அழைப்புக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. புயல் செய்தி வந்ததுமே பாண்டிச்செல்வி டிராவல்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "வண்டி போகும்மா, பயப்படாதீங்க" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மதுரையில் ஏறினார்கள்.

"முன்னால ரோட்டு மேல தண்ணி போகுதாம். போலீஸ் யாரையும் விடல" என்றார் டிரைவர். பிறகு போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, குடைக்குள் நின்று வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, பஸ்ஸை எப்படியோ திருப்பி, உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எல்லாரும் எறங்கி டீ குடிங்க. நான் டீசல் போட்டுட்டு வந்துர்றேன். சுத்து வழியாப் போயிரலாம்."

முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். கைப்பை வைத்திருந்தவர்கள் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடைக்கூரைக்கு ஓடினார்கள். பெரிய பைகள் எல்லாம் பஸ்ஸின் டிக்கியிலேயே இருந்தன. பாண்டிச்செல்வியின் பையும் அதில்தான். மகளுக்காக அவளே தைத்த இளநீலச் சுடிதார் அதற்குள் மடித்தபடி இருந்தது.

டீ வந்தது, குடித்தார்கள். இரண்டாவது டீயும் குடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் பஸ் வரவில்லை. டிரைவருடைய போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டிக்கெட்டில் இருந்த ஆபீஸ் நம்பருக்கு ஆளாளுக்கு அடித்தார்கள். கடைசியில் பாண்டிச்செல்விக்குத்தான் லைன் கிடைத்தது.

"அந்த வண்டி இனி வராதும்மா" என்றது ஒரு ஆண் குரல். "ரோடு க்ளோஸ். மழைக்கு நாங்க என்ன பண்ண முடியும்? நீங்களே ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிப் போயிக்குங்க."

"டீசல் போட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டுல்ல போனாரு."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் போனைக் கையில் வைத்தபடியே நின்றாள். புயல் யாருக்கும் சொந்தமில்லை, அதன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ரோட்டை மறித்த போலீஸ் மேலும் வரவில்லை. வண்டி போகாது, அம்புட்டுத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சரி என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பாள். டீ குடிங்க என்று சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து ஏமாற்றுகிற மாதிரி இறக்கிவிட்டுப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, மணி ஏழாகப் போகுது" என்றாள் ஆர்த்திகா. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் முன்னால் வந்தார். பீமாராவ் என்று பேர், கோரிப்பாளையத்தில் குடியிருக்கும் ரிட்டயர்ட் தபால்காரர். சென்னையில் மகளுக்குப் பிரசவம், அவரும் போயே ஆகவேண்டும். "மூணு பேரும் சேந்து ஒரு கார் பிடிப்போம்மா. தியாகதுருகம், சங்கராபுரம் சுத்தித் திருவண்ணாமலை போயிட்டா, அங்கிட்டு வந்தவாசி வழியா மெட்ராஸ் போயிரலாம். எனக்கு அந்த வழி தெரியும்" என்றார்.

டீக்கடைக்காரர் ஒரு டிரைவருக்குப் போன் போட்டார். அவன் ஒன்பதாயிரம் கேட்டான். பாண்டிச்செல்வி பேரம் பேசவில்லை. தையல் கடைக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி வாங்க வைத்திருந்த பணம் அவள் கணக்கில் இருந்தது. ஆறாயிரம் அவள் பங்கு, மூவாயிரம் பீமாராவ் பங்கு.

அந்தப் பயணத்தைப் பற்றி ஆர்த்திகா பிற்பாடு தன் தோழிகளிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சங்கராபுரம் தாண்டி ஒரு ஓடையில் கார் இன்ஜின் நின்றுவிட்டது. அம்மாவும் மகளும் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினார்கள். பெரியவர் ஃபைலைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அது நனையாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வந்தவாசியில் ரோட்டில் விழுந்து கிடந்த புளியமரத்தை வெட்டி எடுக்கும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். சாப்பிடவில்லை. ஒன்றே முக்காலுக்கு அலுவலக வாசலில் இறங்கியபோது ஆர்த்திகாவின் சுடிதாரில் இடுப்புவரை சேறு காய்ந்து போயிருந்தது. வாசலில் இருந்த செக்யூரிட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்ரூம் அந்தப் பக்கம். காலைக் கழுவிட்டுப் போம்மா" என்றார்.

அவள் கழுவிக்கொண்டு ஈரக்காலோடு உள்ளே போனாள். பாண்டிச்செல்வி வெளியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, சேலையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

---

இரண்டு நாள் கழித்துத்தான் மதுரைக்குத் திரும்ப முடிந்தது. பையைப் பற்றிக் கேட்க டிராவல்ஸின் மதுரை ஆபீசுக்கு நேரில் போனாள். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, நாலாந்தேதி மத்தியானமே வந்துருச்சே. பார்சல் குடோன்ல இருக்கு" என்றாள்.

"நாலாந்தேதியா? அன்னைக்குக் காலையிலதான எங்கள எறக்கிவிட்டாங்க."

"வண்டி அப்பிடியே ரிட்டர்ன் வந்துருச்சுக்கா. அங்கிட்டு மாட்டிக்கிட்டுக் கெடந்தவுங்க, மதுரைக்கு வாரவுங்க, அம்புட்டுப் பேரும் ஏறிட்டாங்க. ஃபுல் லோடு." அந்தப் பெண் அதை ஒரு சாதாரண விஷயமாகத்தான் சொன்னாள். பிறகு, "பை வச்சிருந்ததுக்கு ஒரு நாளைக்கு அம்பது ரூவாக்கா. மூணு நாளு" என்றாள்.

பாண்டிச்செல்வி பர்ஸைத் திறந்தாள். நூற்றைம்பது ரூபாயை எடுத்து வைத்தாள்.

"பில்லு குடு."

பில் வந்தது. பேர், பஸ் நம்பர், பை ஒன்று, வந்து சேர்ந்த தேதி நான்கு, நேரம் மதியம் 12.40. அவளுக்குப் பில்லை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. காளவாசலில் மூன்று மெஷின் போட்டு, நாலு பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறவள். நூல் வாங்கினாலும் பட்டன் வாங்கினாலும் பில்லைக் கம்பியில் குத்தி வைப்பாள். இதையும் குத்தி வைத்தாள்.

முதலில் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். டிக்கெட் காசு, கார் செலவு, பை வாடகை, இவற்றைத் திருப்பித் தரவேண்டும். பொய் சொல்லி இறக்கிவிட்டதற்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். பதில் வாட்ஸ்அப்பில் வந்தது. இயற்கைச் சீற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பாகாது, ஆனாலும் உங்கள் அடுத்த பயணத்துக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று.

உளுந்தூர்பேட்டை டீக்கடையிலேயே பயணிகள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தார்கள். முதல் நாள் அதில் அனல் பறந்தது. கேஸ் போடணும், பேப்பர்ல போடணும், லைசென்ஸைப் பிடுங்கணும். எல்லாருக்கும் அதே கூப்பன் வந்த வாரத்தில் பாதிப் பேர் வெளியேறினார்கள். பொங்கலுக்குப் பிறகு அதில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்தன. பாண்டிச்செல்வி, நாம எல்லாரும் சேந்து நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாமா, யார் யார் வாரீங்க என்று கேட்டுப் பதிவு போட்டாள். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

"விடு புள்ள" என்றான் அவள் கணவன் சுருளி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், சண்டை சச்சரவுக்குப் போகாதவன். "நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டீங்கள்ல. அது போதும். இதுக்குப் பின்னாடி அலஞ்சா பொழப்புக் கெட்டுரும்."

"போதும் போதும்னுதான எங்கப்பன் காலம் பூரா இருந்தாரு. களத்துல அளந்து போட்டத வாங்கிட்டு, கொறையுதேன்னு கேக்காம வருவாரு. கேட்டா நாளைக்கு வேலைக்குக் கூப்புட மாட்டாங்கன்னு பயம்." பேரையூர்ப் பக்கத்துக் காடுகளில் பிறத்தியார் நிலத்தில் உழைத்தே ஓய்ந்தவர் அவள் அப்பா. "எனக்கு அந்தப் பயம் எதுக்கு? அவன் பஸ்ஸுலயா எனக்கு வேலை?"

மனு போடப் போன அன்று காலை சுருளியே ஆட்டோவில் அவளை ஆணையத்துக்குக் கூட்டிப்போய் இறக்கிவிட்டான். "எந்திரிச்சு நின்னு பேசணும்னா தண்ணி குடிச்சுட்டுப் பேசு" என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தான்.

மனுவை ஆர்த்திகாதான் செல்போனில் படித்துப் படித்து எழுதினாள். வக்கீல் வேண்டியதில்லை, நாமே வாதாடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். பெரியவர் பீமாராவ் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "முப்பது வருசம் மத்தவுங்களுக்கு ரெஜிஸ்டர் தபால் குடுத்துக் கையெழுத்து வாங்குனேன். இப்ப நான் ஒண்ணு போடுறேன்" என்றார். பேரன் பிறந்திருந்த சந்தோஷத்தில் லட்டும் கொடுத்தனுப்பினார்.

---

கம்பெனிக்கு நோட்டீஸ் போன பத்தாவது நாள், கடைக்கட்டிடத்தின் சொந்தக்காரர் சிவக்குமார் வந்தார். கூடவே இன்னொரு ஆள். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு செல்போன்.

"அக்கா, இவரு விருமாண்டி. அந்த டிராவல்ஸ்ல மேனேஜரு. நமக்கு வேண்டியவரு. ஒரு வார்த்த பேசிட்டுப் போயிரலாம்னு வந்தாரு."

பாண்டிச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விருமாண்டி உட்காரவில்லை. கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சொந்த ஊரு எதும்மா?"

"பேரையூர்ப் பக்கம்."

"அங்கன யாரு வீட்டுப் பொண்ணு?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டு வருகிற கேள்வி அது.

"தையக்கடை பாண்டிச்செல்வி சார். மனுவுல விலாசம் போட்டிருக்கேன்."

அவர் லேசாகச் சிரித்தார். "இம்புட்டுத் தூரம் போயிருக்க வேணாம்மா. டிக்கெட் காசு ரெண்டாயிரத்து முந்நூறு. கூட ஒரு எழுநூறு போட்டு மூவாயிரமாத் தாரேன். மனுவ வாபஸ் வாங்கிருங்க. மழை, புயல். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

"மழையப் பத்தி நான் ஒண்ணுமே எழுதலையே சார். டீசல் போடப் போறோம்னு சொல்லிட்டு, எங்க இடத்துல வேற ஆள ஏத்திக்கிட்டு வந்தீங்கள்ல, அதத்தான் எழுதியிருக்கேன்."

"யாரு சொன்னா அப்பிடி?"

அவள் மெஷினில் கிடந்த துணியை மடித்து வைத்தாள். விருமாண்டி சிவக்குமாரைப் பார்த்தார். சிவக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, எனக்காகப் பாருங்களேன். நாளப்பின்ன ஒருத்தருக்கொருத்தர் வேண்டியிருக்குல்ல. கடை வேற நம்ம எடத்துல…"

"கடையக் காலி பண்ணச் சொல்றீங்களாண்ணே?"

நேரடியாகக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேற்கே சொந்தத் தோப்பும் வயலும் உள்ள குடும்பம், கௌரவத்துக்கு அஞ்சுகிறவர். "சேச்சே. அப்பிடி நான் சொல்லலக்கா."

"சொல்லலன்னா சரிண்ணே. எட்டு வருசமா அஞ்சாந்தேதி வாடகை தப்புனதில்ல. இனியும் தப்பாது." பிறகு விருமாண்டியிடம் திரும்பினாள். "உங்க லெட்டர் பேடுல ஒரு வரி எழுதிக் குடுங்க சார். பயணிகளப் பொய் சொல்லி எறக்கிவிட்டது தப்புன்னு. இப்பவே வாபஸ் வாங்கிக்கிறேன். மூவாயிரம் கூட வேணாம்."

"அதெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்பக் கோர்ட்டுல பாப்போம்."

அவர்கள் போனபின் கூட வேலை பார்க்கும் முத்துமீனா, "அக்கா, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றாள் பாண்டிச்செல்வி. மெஷினில் உட்கார்ந்தாள். அன்று தைத்த மூன்று கால்சட்டைகளைப் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டியிருந்தது.

---

வழக்கு ஐந்து முறை தள்ளிப்போனது. ஒருமுறை கம்பெனி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. ஒருமுறை அவருக்கு வேறு கோர்ட்டில் வேலை. மே கடைசியில், யூனிஃபார்ம் வேலை தலைக்கு மேல் இருந்தபோது ஒரு வாய்தா வந்தது. அன்று நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி, முத்துமீனாவோடு இரண்டு நாள் சேர்த்து உழைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முடிந்தது. அவளைச் சலிக்க வைக்கத்தான் இழுக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகு சலிப்பு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பத்து மணிக்கே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இடையில் ஆர்த்திகாவின் தேர்வு முடிவும் வந்தது. பட்டியலில் அவள் பேர் இல்லை. ஒன்றரை மார்க் குறைவு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் படுத்துக் கிடந்துவிட்டு, மறுவாரம் கோரிப்பாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த தேர்வுக்குப் படிக்கவும் ஆரம்பித்தாள்.

ஆறாவது வாய்தாவில் கம்பெனி தன் பதிலைத் தாக்கல் செய்தது. வக்கீல் நல்ல உயரம், நல்ல குரல். எழுந்து நின்று வாசித்தார். எதிர்பாராத வெள்ளத்தில் பேருந்து சிக்கிக்கொண்டது. பயணிகள் தாங்களாகவே விருப்பப்பட்டு இறங்கிச் சென்றுவிட்டனர். பேருந்து மறுநாள் மாலை வரை அதே இடத்தில் நின்றது. ஓட்டுநர் உணவின்றித் தவித்தார். இது முழுக்க முழுக்கக் கடவுளின் செயல்.

"மனுதாரர் மகள் குறித்த நேரத்துல போய்ச் சேந்துட்டாங்க" என்று அவர் சேர்த்துக்கொண்டார். "அந்த வேலையும் அவங்களுக்குக் கெடைக்கல. ஆக, எங்களால அவங்களுக்கு எந்த இழப்பும் இல்ல."

ஆணையத்தின் தலைவர் ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பார்க்கிறவர். "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்றார்.

பாண்டிச்செல்வி எழுந்தாள். தண்ணீர் குடிக்க மறந்திருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசிப் பெஞ்சில் விருமாண்டி இரண்டு செல்போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எம்மகளுக்கு வேலை கெடைக்காதது இவுங்களால இல்ல. மார்க்கு கொறஞ்சுபோச்சு. அத நான் இவுங்க தலையில கட்டல" என்று ஆரம்பித்தாள். குரல் தானாகத் திறந்துகொண்டது. "நேரத்துக்குப் போய்ச் சேந்தோம், நெசந்தான். இவுங்க கொண்டுபோய்ச் சேக்கல. ஓடைத் தண்ணியில எறங்கிக் காரத் தள்ளிட்டுப் போனோம். நாங்க பாடுபட்டுப் போனதுக்கு இவுங்களுக்கு எதுக்கும்மா தள்ளுபடி?"

தலைவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"பஸ் மறுநாள் சாயந்தரம் வரைக்கும் அங்கனயே நின்னுச்சுன்னு வக்கீல் ஐயா சொன்னாரு. எம்பையி அந்த பஸ்ஸுலதான் இருந்துச்சு." அவள் ஃபைலைப் பிரித்துப் பில்லை எடுத்தாள். கம்பியில் குத்திய துளை நடுவில் இருந்தது. "அது அன்னைக்கு மத்தியானமே, பன்னண்டு நாப்பதுக்கு மதுரை ஆபீசுக்கு வந்து சேந்துருச்சு. வச்சிருந்ததுக்கு வாடகைன்னு எங்கிட்ட நூத்தம்பது ரூவா வாங்கியிருக்காங்க. பில்லு இது. பஸ் நம்பரும் இதுல இருக்கு."

பில் மேசைக்குப் போனது. தலைவர் அதைப் படித்தார். பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் நீட்டினார். அவரும் படித்தார். பிறகு அது வக்கீலின் கைக்குப் போனது. வக்கீல் திரும்பிக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். விருமாண்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது… வேறொரு வண்டியில மாத்தி அனுப்பியிருக்கலாம்" என்றார் வக்கீல்.

"வெள்ளத்துக்கு நடுவுலயா?" என்று கேட்டார் தலைவர். "பயணிகளுக்கு வராத வேற வண்டி, பைக்கு மட்டும் வந்துச்சா?"

வக்கீல் காகிதங்களை அடுக்கினார். "கடவுளின் செயல் என்பது சட்டப்படி…"

"ஐயா" என்றாள் பாண்டிச்செல்வி. குறுக்கே பேசக்கூடாது என்று ஆர்த்திகா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனாலும் பேசிவிட்டாள். "மழை கடவுள் செயலா இருக்கட்டும். பில்லு உங்க கம்பெனி பேருல இருக்கு."

அறையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உட்காருங்கம்மா, சொன்னது போதும்" என்றார். குரலில் கடுமை இல்லை. அந்த வண்டி அன்றைக்கு எந்தெந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்ற விவரத்தை அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யும்படி கம்பெனிக்கு உத்தரவு போட்டார். அடுத்த வாய்தாவில் கம்பெனி அதைத் தாக்கல் செய்யவில்லை. அதற்கடுத்ததிலும் செய்யவில்லை.

---

தீர்ப்பு ஆவணி மாதத்தில் வந்தது. மழை பெய்ததற்குக் கம்பெனி பொறுப்பல்ல; ஆனால் பயணிகளிடம் உண்மையை மறைத்து நடுவழியில் விட்டதும், அதே வண்டியில் வேறு ஆட்களை ஏற்றி வந்ததும் சேவைக் குறைபாடு என்று எழுதியிருந்தது. டிக்கெட் காசு, கார் செலவு, பை வாடகை முழுசாகத் திருப்பித் தரவேண்டும். மன உளைச்சலுக்குப் பதினைந்தாயிரம், வழக்குச் செலவுக்கு ஐந்தாயிரம். அவள் ஐம்பதாயிரம் கேட்டிருந்தாள். வருத்தக் கடிதம் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அதைத்தான் அவள் இரண்டு முறை தேடிப் பார்த்தாள்.

சுருளி அன்று அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தான். வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பைப் போட்டதும் கைதட்டும் படங்கள் குவிந்தன. எப்படிப் போட்டீங்க மேடம், எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க என்று ஏழெட்டுப் பேர் தனியாக அனுப்பினார்கள். அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆர்த்திகா எழுதிய மனுவின் நகலைக் குழுவில் போட்டுவிட்டு, "பேரையும் சீட் நம்பரையும் மாத்திக்குங்க. ரெண்டு வருசம் வரைக்கும் போடலாமாம். ஆனா நேர்ல வரணும்" என்று எழுதினாள்.

கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. பணத்தையும் தரவில்லை. கொடுத்த கெடு முடிந்த மறுநாளே பாண்டிச்செல்வி உத்தரவை நிறைவேற்றக் கோரி அடுத்த மனுவைப் போட்டாள். அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் விருமாண்டி போன் செய்தார்.

"ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு பேங்க் டிடிய வாங்கிக்கிருங்கம்மா."

"என்னால வர முடியாது சார், வேலை கெடக்கு. எட்டு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பேன்."

மறுநாள் மாலை அவரே வந்தார். இந்தத் தடவை சிவக்குமார் கூட இல்லை. முத்துமீனா ஸ்டூலைப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். டிடியையும் ஒரு டைப் அடித்த தாளையும் நீட்டினார்.

பாண்டிச்செல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். டிடியில் தொகை சரி, பேரும் சரி. பிறகு தாளைப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வெளியே காளவாசல் சிக்னலில் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. விருமாண்டி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு மாறினார்.

"இதுல என்ன சார் எழுதியிருக்கு? 'நிர்வாகம் நல்லெண்ண அடிப்படையில் வழங்கிய தொகையைப் பெற்றுக்கொண்டேன்'னு இருக்கு."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. எல்லாருக்கும் இப்பிடித்தான் அடிக்கிறது. கையெழுத்த மட்டும் போடுங்க."

"நல்லெண்ணத்துலயா குடுக்குறீங்க?"

அவள் மேசை இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஸ்கேலை வைத்து, 'நல்லெண்ண அடிப்படையில் வழங்கிய' என்ற வார்த்தைகளைக் குறுக்கே நேர்கோடாக அடித்தாள். அதற்கு மேலே, துணி அளவு குறிக்கிற அதே சின்னச் சின்ன எழுத்தில், 'ஆணையத்தின் உத்தரவுப்படி தரவேண்டிய' என்று எழுதினாள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து, தேதி.

"இத எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாரும்மா" என்றார் விருமாண்டி.

"ஒத்துக்கலன்னா டிடிய எடுத்துட்டுப் போங்க சார். இருபத்தெட்டாந்தேதி வாய்தா இருக்கு. நான் வாரேன், நீங்களும் வாங்க."

விருமாண்டி தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். டிடி மேசையிலேயே இருந்தது. படியிறங்கப் போனவர் நின்று, திரும்பாமலே, "அன்னைக்கு டிரைவருக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னது நான் இல்லம்மா" என்றார்.

"யாரு சொல்லியிருந்தாலும் நாங்க ரோட்டுலதான சார் நின்னோம்" என்றாள் பாண்டிச்செல்வி.

அவர் போய்விட்டார். முத்துமீனா டிடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாண்டிச்செல்வி அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, மணி ஏழரைதான் ஆகிறது என்று பார்த்து, பாதியில் நின்ற சட்டைக்காலரை மெஷினில் வைத்து மிதித்தாள்.